அத்தானின் காதும் சதுர அறையும்

இலங்கை வானொலியைக் கேட்டு வளர்ந்த தலைமுறையைச் சேர்ந்தவன் நான். எஸ்.பி. மயில்வாகனன், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத் ஆகியோரின் குரல்கள் எங்கள் வீடுகளுக்குள் வந்தது ஒரு கையளவேயான ஒலிபெருக்கி பொருத்திய வானொலிப் பெட்டியின் வழியாகத்தான். பெட்டி முன்னறையில் இருக்கும். அம்மா அடுப்படியில் இருப்பார். இடையில் இரண்டு சுவர்கள். ஆனாலும் அறிவிப்பாளர் சொன்ன ஒரு சொல்லும் அவருக்குத் தவறாது.

இன்று அதே வீடுகளில் ஐந்து ஒலிபெருக்கிகளும், அதிர்வுக்கென்று தனியாக ஒரு பெரிய பெட்டியும் கொண்ட 'ஹோம் தியேட்டர்' வந்துவிட்டது. படம் பார்க்கும்போது பத்து நிமிடத்துக்கு ஒரு தடவையாவது யாரோ ஒருவர் பக்கத்தில் இருப்பவரிடம், "இப்ப என்ன சொன்னான்?" என்று கேட்கிறார். கருவி வளர்ந்தது, சொல் தேய்ந்தது. இது ஏன் என்ற கேள்வி எனக்கு நெடுநாளாக உண்டு. அதற்கு விடை தேட வேண்டிய கட்டாயம் எங்கள் குடும்பத்திலேயே ஏற்பட்டது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். வெளிநாடுகளிலிருந்து ஊரில் உள்ள பெற்றோருக்கு இத்தகைய கருவிகளை அனுப்பிவைக்கும் வாசகர்கள் பலர் இருப்பீர்கள். உங்களுக்கு இது பயன்படக்கூடும்.

என் அக்காவின் வீடு உக்குவளையில் இருக்கிறது. மாத்தளை நகரத்துக்குத் தெற்கே சில கிலோமீட்டர் தூரத்தில், கண்டி - மாத்தளை ரயில் பாதையில் உள்ள சிறிய ஊர். மிளகும் கராம்பும் கொக்கோவும் விளையும் மண். பொல்கொல்லையில் மறித்த மகாவலி நீரை ஏறக்குறைய 8 கிலோமீட்டர் நீளமான சுரங்கத்தின் வழியாகக் கொண்டுவந்து மின்சாரம் எடுக்கும் நிலையம் 1976 முதல் அங்கே இயங்குகிறது. சிங்களவரும் முஸ்லிம்களும் தமிழரும் கலந்து வாழும் ஊர் என்பதால் பன்சலையின் பிரித் ஓதலும், பள்ளிவாசலின் பாங்கும், கோயிலின் பக்திப் பாடலும் நாள்தோறும் குழாய் ஒலிபெருக்கிகளில் கேட்கும். அவை எவ்வளவு தூரத்தில் இருந்து வந்தாலும் சொற்கள் தெளிவாக இருக்கும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

அத்தான் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். வயது 76. ரொறன்ரோவில் இருக்கும் மருமகன் அனுப்பிய பணத்தில் வீட்டின் முன்னறையைத் திருத்தி, பெரிய தொலைக்காட்சியும் ஹோம் தியேட்டரும் வைத்தார்கள். ஆரம்பத்தில் குடும்பம் முழுவதும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றாக உட்கார்ந்து படம் பார்த்தது. சில மாதங்களில் அத்தான் எழுந்து விறாந்தைக்குப் போகத் தொடங்கினார். கேட்டால், "எனக்கு விளங்குதில்லை, நீங்கள் பாருங்கோ" என்பார். சத்தத்தைக் கூட்டினார்கள். அவர் இன்னும் சீக்கிரமாக எழுந்து போனார். பேரப்பிள்ளைகள் தாத்தாவுக்குக் காது கேட்பதில்லை என்று முடிவுகட்டி, அவரோடு உரத்துப் பேசத் தொடங்கினார்கள். 35 வருடம் வகுப்பறையில் பின்வரிசை மாணவனின் முணுமுணுப்பைக்கூடக் கேட்டுப் பிடித்த மனிதர் அவர். தன்னைச் செவிடன் என்று வீடே ஏற்றுக்கொண்டதை அவரும் மெல்ல ஏற்றுக்கொண்டுவிட்டார். எனக்கு வருத்தம் தந்தது அதுதான். வயோதிபம் ஒருவரைத் தனிமைப்படுத்துவது வேறு. வீட்டார் தெரியாமலே அவரை விலக்கிவைப்பது வேறு.

கருவியை விற்ற கடைக்காரரைக் கூப்பிட்டார்கள். அவர் வந்து ஈக்வலைஸரைத் திறந்து, தாழ்ந்த ஒலியையும் உயர்ந்த ஒலியையும் நன்றாக மேலே ஏற்றி, நடுப்பகுதியைக் கீழே இறக்கிவிட்டுப் போனார். திரையில் அந்தக் கோடு சிரிக்கும் வாயைப் போல இருந்தது. கடைகளில் பாட்டுப் போட்டுக் காட்டும்போது வாடிக்கையாளர் மயங்குவது இந்தச் சிரிப்பில்தான். ஆனால் மனிதப் பேச்சின் உயிர் இருப்பதோ இறக்கிவிடப்பட்ட அந்த நடுப்பகுதியில். அத்தோடு, இன்னும் பெரிய சப்வூஃபர் வாங்கினால் எல்லாம் சரியாகும் என்ற ஆலோசனையும் கிடைத்தது.

நான் அங்கே போய் ஒரு வாரம் தங்கியது அதற்குப் பிறகுதான். பக்கத்து வீட்டில் பேராதனையில் பொறியியல் படித்த ஒரு தம்பி இருக்கிறார். பாட்டில் பைத்தியம் உள்ளவர். அவரிடம் அளவெடுக்கும் ஒலிவாங்கியும் மடிக்கணினியும் இருந்தன. அவரும் நானும் சேர்ந்து செய்த வேலையைத்தான் இனிச் சொல்லப் போகிறேன். அதற்கு முன்னால், அறை என்றால் என்ன என்பதைப் பார்த்துவிடுவது நல்லது.

ஒலியைப் பொறுத்தவரை அறை என்பது வெறும் பாத்திரம் அல்ல. அதுவும் ஒரு வாத்தியம். குளியலறையில் பாடிப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். ஏதோ ஒரு சுருதியில் வரும்போது மட்டும் குரல் திடீரென்று முழங்கும். மற்றச் சுரங்களில் அந்த முழக்கம் வராது. காரணம் எளிது. நம் நாட்டு வெப்பத்தில் ஒலி ஒரு விநாடியில் சுமார் 1,135 அடி போகிறது. எதிரெதிரே இருக்கும் இரண்டு சுவர்களுக்கு இடையில் 12 அடி இருந்தால், போய்த் திரும்பி வர 24 அடி. 1,135ஐ 24ஆல் வகுத்தால் 47. அதாவது விநாடிக்கு 47 முறை அதிரும் ஒலி அந்தச் சுவர்களுக்கு இடையில் ஊஞ்சலைப் போல ஒத்திசைந்து நிற்கும். ஊஞ்சல் திரும்பும் நேரம் பார்த்துத் தள்ளினால் அது எவ்வளவு உயரம் போகுமோ, அப்படி அந்த ஒலி பெருகும். இதன் இரண்டு மடங்கான 95 ஹேர்ட்ஸிலும், அதற்கு மேலும், இதே கூத்து தொடரும்.

அக்கா வீட்டு முன்னறை 12 அடிக்கு 12 அடி. உயரம் 9 அடி. திருத்தும்போது மேலே கொங்கிரீட் தட்டுப் போட்டுவிட்டார்கள். தரை பளிங்கு ஓடு. யன்னல்களுக்குக் கண்ணாடி. பழைய வீட்டின் ஓட்டுக் கூரையும் மரச் சலாகையும் ஒலியை வெளியே விட்டுக்கொண்டிருந்தன. புதிய அறை அதை உள்ளேயே பூட்டிவைத்தது. அதிலும் சதுர அறை என்றால் நீளமும் அகலமும் ஒரே சுருதியில் முழங்கும். இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று ஏறிவிடும். அறை வடிவங்களில் ஒலிக்கு மிகவும் பொல்லாதது சதுரம் என்று அந்தத் தம்பி சொன்னார். ஒலியியல் நூல்களும் அதையே சொல்கின்றன.

இப்போது அந்தப் பழைய வானொலிப் பெட்டியின் இரகசியம் விளங்கும். அந்தச் சின்ன ஒலிபெருக்கிக்கு 47 ஹேர்ட்ஸையோ 95 ஹேர்ட்ஸையோ வலுவாகப் பிறப்பிக்கும் சக்தியே கிடையாது. எனவே அறையின் முழக்கத்தை அது தட்டி எழுப்பவில்லை. பேச்சை விளங்கிக்கொள்ள அந்தத் தாழ்ந்த ஒலிகள் தேவையும் இல்லை. பழைய தொலைபேசி 300 முதல் 3,400 ஹேர்ட்ஸ் வரைதான் கடத்தியது; அதிலேயே நாம் உலகம் முழுவதும் பேசினோம். கோயில் குழாய் ஒலிபெருக்கியின் தெளிவுக்கும் இதுவே பெரிய காரணம். அழகு குறைவு, ஆனால் சொல் நிற்கும்.

இன்னொரு விஷயமும் உண்டு. உரத்த தாழ்ந்த ஒலி, தனக்கு மேலே இருக்கும் மெல்லிய ஒலிகளைக் காதுக்குத் தெரியாமல் மறைத்துவிடும். மறுபக்கமாக இது அவ்வளவு நடப்பதில்லை. ச, த, ட, ற போன்ற மெய்யொலிகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டும் நுண்மைகள் மேல் பகுதியில்தான் இருக்கின்றன. வயதானவர்களின் காதில் முதலில் தேய்வதும் அந்த மேல் பகுதியே. ஆக, அத்தானின் காது கொஞ்சம் தேய்ந்திருந்தது உண்மை. மிச்சம் இருந்ததையும் அறையின் முழக்கம் மூடிக்கொண்டிருந்தது என்பதும் உண்மை. சத்தத்தைக் கூட்டும்போது சொல்லோடு முழக்கமும் சேர்ந்து கூடுகிறது. அவர் எழுந்து போனதில் வியப்பில்லை.

அறையைத் திருத்தினால் பேச்சு விளங்கும் என்பது புதிய கண்டுபிடிப்பு அல்ல. 1895இல் அமெரிக்காவின் ஹார்வார்ட் பல்கலைக்கழகத்தில் ஃபொக் கலைக்கூடத்தின் விரிவுரை மண்டபத்தில் பேசினால் யாருக்கும் விளங்கவில்லை. வாலஸ் சபைன் என்ற இளம் பௌதிகவியல் ஆசிரியரிடம் அதைச் சரிசெய்யும் பொறுப்பு கொடுக்கப்பட்டது. அவர் இரவுகளில், பக்கத்தில் இருந்த சாண்டர்ஸ் அரங்கின் ஆசன மெத்தைகளைத் தூக்கிவந்து அடுக்கி, ஓர் ஓர்கன் குழாயை ஒலிக்கவிட்டு, அந்த ஒலி அடங்க எவ்வளவு நேரமாகிறது என்று அளந்தார். வெறும் மண்டபத்தில் அது ஏறக்குறைய 5.5 விநாடி. ஒரு சொல் அடங்குமுன் அடுத்த பல சொற்கள் வந்து விழும் நிலை. மெத்தைகள் கூடக் கூட நேரம் குறைந்தது. அதிலிருந்து அவர் கண்ட சூத்திரத்தைத்தான் இன்றும் கட்டடக் கலைஞர்கள் பயன்படுத்துகிறார்கள். 1900இல் திறக்கப்பட்ட போஸ்டன் சிம்பொனி மண்டபம் அந்த அறிவின் துணையோடு எழுந்தது. சபைனிடம் ஈக்வலைஸர் இருக்கவில்லை. அவர் அறையைத்தான் மாற்றினார். நாங்களும் அங்கிருந்தே தொடங்கினோம்.

முதல் நாள் கருவியைத் தொடவே இல்லை. கடைக்காரர் வரைந்த சிரிப்பை அழித்து, எல்லாவற்றையும் பூச்சியத்துக்குக் கொண்டுவந்தோம். அவ்வளவுதான். பிறகு பார்த்தது அத்தானின் கதிரையை. அவருடைய சாய்மனைக் கதிரை அறையின் பின்மூலையில், இரண்டு சுவர்களும் சேரும் இடத்தில் கிடந்தது. கதவுக்கு அருகில் என்பதால் அவருக்கு அது வசதி. ஆனால் அறையின் முழக்கங்கள் அனைத்தும் உச்சத்தில் இருப்பது மூலையில்தான். எதிர் மூலையில் சப்வூஃபர். ஒரு மூலையில் நின்று கத்துபவரை மறு மூலையில் இருந்து கேட்பதைப் போன்ற ஏற்பாடு. வீட்டில் அதிகமாக முழங்கும் இடம் எதுவோ, அங்கேதான் வீட்டின் பலவீனமான காது உட்கார்ந்திருந்தது.

கதிரையை மூலையிலிருந்து எடுத்து, இடம் வலமாக நடுவுக்கும், பின்சுவரிலிருந்து மூன்றடி முன்னாலும் கொண்டுவந்தோம். அந்த மூன்றடிக்குக் கணக்கு உண்டு. 12 அடி அறையில் கால்பங்குத் தூரம் அது. முன்சுவருக்கும் பின்சுவருக்கும் இடையே எழும் 95 ஹேர்ட்ஸ் முழக்கம் அந்த இடத்தில் ஏறக்குறைய இல்லாமல் போகும். இடம் வலச் சுவர்களுக்கு இடையே எழும் 47 ஹேர்ட்ஸ் முழக்கம் அறையின் நடுக்கோட்டில் அடங்கிவிடும். சப்வூஃபரை மூலையிலிருந்து முன்சுவரின் ஓரமாக நகர்த்தினோம். பேச்சு வருவது பெரும்பாலும் நடு ஒலிபெருக்கியில்தான். அதைத் தொலைக்காட்சி அலுமாரியின் தட்டுக்குள் ஆழமாகத் தள்ளி வைத்திருந்தார்கள். கிணற்றுக்குள் இருந்து பேசுவது போலக் கேட்டது. அதை வெளியே இழுத்து, தட்டின் விளிம்போடு விளிம்பாக வைத்து, முகம் அத்தானின் காதை நோக்கும்படி சற்றே நிமிர்த்தி, அடியில் ஒரு றப்பர் துண்டு வைத்தோம்.

அத்தானின் புத்தக அலுமாரிகள் இரண்டு உள்ளறையில் தூசி படிந்து கிடந்தன. அவற்றைப் பின்சுவரோரம் கொண்டுவந்தோம். நிறைந்த புத்தக அலுமாரி ஒலியைச் சிதறவும் அடக்கவும் செய்யும். தரையில் தடித்த கம்பளம் ஒன்று விரித்தோம். பன்பாயும் மெல்லிய திரைச்சீலையும் உயர்ந்த ஒலியைக் கொஞ்சம் மட்டுமே உறிஞ்சும். தாழ்ந்த முழக்கத்துக்கு அவற்றால் எதுவும் செய்ய முடியாது. பலர் திரைச்சீலை போட்டுவிட்டு முழக்கம் குறையவில்லை என்று அலுத்துக்கொள்வதற்கு இதுவே காரணம். கைதட்டினால் முன்பு பறவை சிறகடிப்பது போல ஒரு எதிரொலி வந்தது. இப்போது அது நின்றுவிட்டது.

இரண்டாம் நாள்தான் ஒலிவாங்கியை எடுத்தோம். அத்தானின் காது இருக்கும் இடத்தில், முக்காலியில் நிறுத்தினோம். 'ரூம் ஈக்யூ விசார்ட்' என்று ஜோன் மல்காஹி என்பவர் உருவாக்கிய மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. அது தாழ்ந்த ஒலியிலிருந்து உயர்ந்த ஒலி வரை ஓர் ஊளையை எழுப்பி, அந்த இடத்துக்கு எது கூடுதலாக வருகிறது, எது குறைவாக வருகிறது என்று கோடு போட்டுக் காட்டும். மூலையில் ஒரு தடவை அளந்து பார்த்தோம். 47 ஹேர்ட்ஸில் 13 டெசிபல் உயரத்துக்கு ஒரு மலை. கதிரையின் புதிய இடத்தில் அதே மலை 7 டெசிபலாகக் குறைந்திருந்தது. 95இல் இன்னும் 5 டெசிபல் மேடு இருந்தது. 80க்கு அருகில் ஒரு பள்ளம். அதற்கு மேலே சிறுசிறு பற்களாக ஏற்ற இறக்கங்கள். மின்சாரம் ஒன்றும் கூடச் செலவாகாமல், கதிரையை நகர்த்தியதால் மட்டும் கிடைத்தது 6 டெசிபல்.

ஈக்வலைஸர் என்ற சொல்லின் பிறப்பை இங்கே சொல்ல வேண்டும். நீண்ட தொலைபேசிக் கம்பியில் போகும்போது உயர்ந்த ஒலிகள் அதிகம் தேய்ந்துவிடும். மறுமுனையில் எல்லா ஒலிகளும் சமமாக வந்துசேர வேண்டும் என்பதற்காகப் பொறியியலாளர்கள் அமைத்த கருவியே சமப்படுத்தி, அதாவது ஈக்வலைஸர். வழியில் நேர்ந்த கேட்டை நீக்குவது அதன் தொழில். ரசனைக்காகக் காரம் சேர்ப்பது பின்னால் வந்த பழக்கம்.

அந்தத் தம்பியிடம் நான் கேட்ட முதல் கேள்வி, மேட்டை வெட்டுவது சரி, அந்த 80 ஹேர்ட்ஸ் பள்ளத்தை நிரப்பலாமா என்பது. அவர் விளக்கினார். பள்ளம் என்பது ஒலிபெருக்கியிலிருந்து நேரே வரும் அலையும் சுவரில் பட்டுத் திரும்பும் அலையும் அந்த இடத்தில் ஒன்றையொன்று அழித்துக்கொள்வதால் உண்டாவது. நேரே வருவதைப் பெருக்கினால் திரும்பி வருவதும் அதே அளவு பெருகும், அழிவும் தொடரும். 3 டெசிபல் கூட்ட இரண்டு மடங்கு மின்சக்தி வேண்டும். 10 டெசிபல் கூட்டப் பத்து மடங்கு. கருவி திணறும், ஒலிபெருக்கி கிழியும், பள்ளம் மட்டும் பள்ளமாகவே இருக்கும். அதோடு, நமது காது மேட்டைத்தான் சீக்கிரம் கண்டுகொள்ளும். ஒடுக்கமான பள்ளத்தைப் பெரும்பாலும் பொருட்படுத்தாது.

எனக்கு உடனே பத்திரிகை அலுவலகத்தின் செய்தி மேசை நினைவுக்கு வந்தது. பிரதேச நிருபர் அனுப்பிய செய்தியில் சொன்னதையே நாலு தடவை சொல்லியிருந்தால் உப ஆசிரியர் வெட்டலாம். அடைமொழிகள் முழங்கினால் வெட்டலாம். வெட்டினால் செய்தி தெளியும். ஆனால் செய்தியில் ஒரு விபரம் இல்லை என்றால்? கொழும்பில் மேசையில் இருந்துகொண்டு அதை எழுதிச் சேர்க்க முடியாது. சேர்த்தால் அது இட்டுக்கட்டல். செய்யக்கூடியது ஒன்றுதான்: நிருபரை மறுபடியும் அந்த இடத்துக்குப் போகச் சொல்ல வேண்டும். அறையிலும் இதே நீதிதான். மேட்டை வெட்டு. பள்ளத்தை நிரப்பாதே, இடத்தை மாற்று. சப்வூஃபரை இன்னும் ஓர் அடி நகர்த்தியதும் அந்தப் பள்ளம் பாதியாகக் குறைந்துவிட்டது.

கடைசியில் ஈக்வலைஸரில் நாங்கள் செய்தவை இரண்டே இரண்டு வெட்டுகள். 47 ஹேர்ட்ஸில் ஒடுக்கமாக 5 டெசிபல். 95இல் 4 டெசிபல். 47இல் ஒரு சிறிய ஏற்றத்தை வேண்டுமென்றே விட்டுவைத்தோம். சாதாரண அறையில் நல்ல ஒலிபெருக்கியை அளந்தால், தாழ்ந்த ஒலியிலிருந்து உயர்ந்த ஒலிக்குப் போகப் போகக் கோடு மெல்லச் சரிந்துகொண்டே போவதுதான் இயல்பு. அதை இழுத்துப் பிடித்து நேர்கோடாக்கினால் ஒலி வற்றிப்போய்க் கீச்சிடும்.

மேலே இருந்த பற்களை என்ன செய்வது? மடிக்கணினித் திரையில் அவற்றைப் பார்க்கும்போது யாருக்கும் கை அரிக்கும். கருவியில் இன்னும் பல வெட்டுகளுக்கு இடம் இருந்தது. தம்பி மறுத்துவிட்டார். ஒலிவாங்கியை ஒரு சாண் தள்ளி வைத்து அளந்து காட்டினார். கீழே இருந்த மேடுகள் ஏறக்குறைய அப்படியே நின்றன. 300 ஹேர்ட்ஸுக்கு மேலே இருந்த பற்களோ முழுவதும் இடம் மாறிவிட்டன. அத்தான் கதிரையில் சற்றுச் சாய்ந்தால் மறுபடியும் மாறும். அப்படி மாறிக்கொண்டே இருப்பதைத் திருத்துவது எதற்கு? இது போன்ற சிறிய அறைகளில் 250, 300 ஹேர்ட்ஸ் வரைக்கும் அறை ஆட்சி செய்கிறது. அதற்கு மேல் ஒலிபெருக்கியின் ஆட்சி. கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் கழகத்தில் பல்லாண்டு இத்துறையில் ஆய்வு செய்த ஃபுளோயிட் டூல் தமது நூலில் வற்புறுத்துவதும் இதுவே. எல்லைக்குக் கீழே அறையைத் திருத்தலாம். எல்லைக்கு மேலே நல்ல ஒலிபெருக்கியை வாங்கிவைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும். சுவரின் எதிரொலியைச் சரிசெய்வதாக எண்ணி அங்கே கை வைத்தால், நடிகரின் வாயிலிருந்து நேரே வரும் நல்ல குரலையே கெடுத்துவிடுவோம்.

கருவிகளோடு வரும் தானியங்கித் திருத்தத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அது பயனற்றது அல்ல. ஒவ்வொரு ஒலிபெருக்கிக்கும் உள்ள தூரத்தையும் சத்தத்தின் அளவையும் நன்றாகவே கணக்கிடும். அதைச் செய்யவிடுங்கள். ஆனால் எல்லா ஒலியையும் அதன் கையில் கொடுக்க வேண்டியதில்லை. சில கருவிகளில் குறிப்பிட்ட எல்லைக்குக் கீழே மட்டும் திருத்தச் சொல்லும் வசதி உண்டு. இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள்.

பலன் என்ன என்று அறிய ஒரு வழி வேண்டும் அல்லவா? அத்தான் ஆசிரியர். எனவே சொல்வதெழுதல் வைத்தோம். அவர் பார்த்திராத ஒரு படத்தில் இருபது வசனங்கள். ஒவ்வொன்றாக ஓடவிட்டு நிறுத்துவோம். கேட்டதை அவர் எழுத வேண்டும். வேலை தொடங்குமுன், மூலைக் கதிரையில், கடைக்காரரின் சிரிப்போடு, 7 வசனங்கள் சரி. அறையை ஒழுங்குபடுத்திய பிறகு, அதே படத்தின் வேறு இருபது வசனங்களில் 12. இரண்டு வெட்டுகளுக்குப் பிறகு, இன்னும் ஒரு இருபதில் 15. சத்தத்தை மூன்று தடவையும் ஒரே அளவில் வைத்திருந்தோம். மூன்று தாள்களையும் அவரே சிவப்புப் பேனாவால் திருத்திப் புள்ளி போட்டார். இது விஞ்ஞானப் பரிசோதனை ஆகாது, எனக்கும் தெரியும். ஆனால் அந்த எண்களில் ஒன்றைக் கவனியுங்கள். பெரிய பங்கு கதிரைக்கும் அலுமாரிக்கும் உரியது. ஈக்வலைஸர் செய்தது கடைசித் துடைப்பு. அது சிறிதாக இருந்ததால்தான் நன்றாக இருந்தது.

மிச்சமிருந்த ஐந்து வசனங்களை எந்த ஈக்வலைஸராலும் கொண்டுவர முடியாது. அவை காதில் தொலைந்தவை. முன்பு காது வைத்தியரிடம் போக மறுத்துக்கொண்டிருந்த அத்தான், இதன் பிறகு தாமாகவே புறப்பட்டார். "அறையின் பங்கு இவ்வளவு என்று தெரிஞ்சாப் பிறகுதான் தம்பி என்ட பங்கு எவ்வளவு என்று கேட்க மனம் வந்தது" என்றார். கண்டியில் சோதித்து, இரண்டு காதுக்கும் உயர்ந்த ஒலிகளைக் கூட்டித் தரும் சிறிய கருவி கொடுத்தார்கள். காதுக்கு வேண்டியது காதுக்கும், அறைக்கு வேண்டியது அறைக்கும் தனித்தனியே போய்ச் சேர்ந்தன. ஒன்றின் குற்றத்தை மற்றதன் தலையில் சுமத்திக்கொண்டிருந்தவரை இரண்டுக்கும் வைத்தியம் நடக்கவில்லை.

வெளிநாட்டில் இருந்து ஊருக்குப் போகும் பிள்ளைகளுக்குச் சொல்ல விரும்புவது இதுதான். பெட்டியை இறக்கி, பேரொலியில் ஒரு சண்டைக் காட்சியைப் போட்டுக் காட்டி, எல்லோரும் மெச்சியதும் அடுத்த வேலைக்குப் போய்விடாதீர்கள். அப்பா அல்லது அம்மா வழக்கமாக உட்காரும் இடத்தில் நீங்கள் அரை மணி நேரம் உட்காருங்கள். பாட்டு வேண்டாம், சண்டை வேண்டாம். இரண்டு பேர் சாதாரணமாகப் பேசும் காட்சியைப் போடுங்கள். கதிரை சுவரோடு ஒட்டியிருந்தால் முன்னால் இழுங்கள். சப்வூஃபர் மூலையில் இருந்தால் வெளியே எடுங்கள். நடு ஒலிபெருக்கி அலுமாரிக்குள் இருந்தால் விளிம்புக்குக் கொண்டுவாருங்கள். இவை மூன்றுக்கும் ஒரு ரூபாவும் செலவில்லை. அதற்குப் பிறகும் ஏதாவது முழங்கினால், ஒலிவாங்கி வைத்திருக்கும் ஒருவரைத் தேடிப் பிடித்து, முழங்குவதை மட்டும், முழங்கும் அளவுக்கு மட்டும் வெட்டச் சொல்லுங்கள். மூன்றாவது வெட்டுக்கு மேல் போனால் ஏன் என்று கேளுங்கள்.

உக்குவளை வீட்டில் பேரப்பிள்ளைகள் இப்போது தாத்தாவிடம் தாழ்ந்த குரலில்தான் பேசுகிறார்கள். படத்தில் வரும் வசனத்தில் இலக்கணப் பிழை இருந்தால் அவர் இடையில் நிறுத்தச் சொல்லித் திருத்துகிறாராம். அக்காவுக்கு அது பெரிய தொல்லையாக இருக்கிறது என்று தொலைபேசியில் முறையிட்டார். முறையீட்டில் வருத்தம் எதுவும் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.